அரைவாலனின் நடை

அலுவலகத்தில் அவளுக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். வைத்தவர் இயக்குநர். அவருக்கும் பதிலுக்கு ஒரு பெயர் இருந்தது: அரைநொடியார். எந்தக் காட்சியைக் காட்டினாலும் "நல்லாருக்கு, ஒரு அரை நொடி குறைச்சுடுங்க" என்று சொல்லாமல் நாற்காலியைவிட்டு எழுந்திருக்க மாட்டார். அந்தப் பெயரைக் கட்டிவிட்டது யார் என்று அவருக்கு இன்றுவரை தெரியாது. ஊமைக்கோட்டான்தான் கட்டிவிட்டாள்.

அவளுடைய வேலை ஒரு நரியை நடக்க வைப்பது. குழந்தைகளுக்கான கார்ட்டூன் தொடர் ஒன்றில் பாதி வால் அறுந்த நரி வரும். அதற்குப் பெயர் அரைவாலன். கரடிக்கு ஒருத்தர், முள்ளம்பன்றிக்கு ஒருத்தர், பின்னால் தெரிகிற மரங்களுக்கு ஒருத்தர் என்று அங்கே வேலையைப் பங்கு போட்டிருந்தார்கள். நரி அவள் பங்கு. கதையை வேறு ஆள் எழுதுவார், குரலை வேறு ஆள் கொடுப்பார். ஆனால் அது எப்படி நிற்கும், எப்படித் திரும்பும், பொய் சொல்லும்போது அதன் கை எங்கே போகும் என்பதெல்லாம் அவள் தலையில். ஒரு நொடிக்கு இருபத்துநாலு படம். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலத்துக்குள் நரி ஒரு வாசற்படியைத் தாண்டியிருக்கும், அவ்வளவுதான்.

தொடர் ஆரம்பித்தபோது அரைவாலன் ஒப்புக்குச் சேர்த்த போக்கிரி. நாயகன் கரடி. கரடி நல்லது, நேர்மையானது, டிவியை அணைத்த மறு நிமிஷமே மறந்துபோகிற மாதிரியானது. நரிக்குக் காட்டுச் சந்தையில் ஒரு பழுது பார்க்கும் கடை. சரிசெய்யக் கொடுத்த சாமானில் நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு ஓட்டையை மாட்டி அனுப்பும். வாயைத் திறந்தால் புளுகு. இடி இடித்தால் முதலில் ஒளிந்துகொள்வதும் அதுதான். ஆனால் அதில் ஒரு விசித்திரம் உண்டு. அது திருடும்போது ஒருநாளும் மாட்டாது. திருடியதைத் திருப்பி வைக்கப் போகும்போதுதான் மாட்டும். மாட்டியதும் "திருப்பி வைக்க வந்தேன்" என்று சொல்லவே சொல்லாது. சொன்னால் நல்லவன் ஆகிவிடுவோமே என்று அதற்கு வெட்கம். "ஆமா, திருடத்தான் வந்தேன், இப்ப என்னங்கறே?" என்று நெஞ்சை நிமிர்த்தி உதையை வாங்கிக்கொண்டு போகும்.

எழுதியவர் இதைச் சிரிப்புக்காகத்தான் எழுதினார். அவள்தான் அதில் ஒன்றைச் சேர்த்தாள். நெஞ்சை நிமிர்த்துவதற்கு முன்னால் நரி தன் கையிலிருக்கிற சாமானை ஒரே ஒரு தடவை பார்க்கும். சொல்லிவிடலாமா என்று யோசிக்கிற பார்வை. அப்புறம் காதை ஒரு தேய் தேய்த்துவிட்டுப் பொய்யைச் சொல்லும். அரைநொடியார் வழக்கம்போல அந்தப் பார்வையை வெட்டச் சொன்னார். அவள் "சரி சார்" என்று வெட்டினாள். அவர் வீட்டுக்குப் போனதும் திரும்ப ஒட்டிவிட்டாள். அந்த வருஷத்திலிருந்து கடையில் விற்ற பொம்மைகளில் கரடி தூசி படிந்து கிடந்தது. நரி தீர்ந்துபோனது.

அந்தப் பார்வையும் அந்தக் காது தேய்ப்பும் எங்கிருந்து வந்தன என்று அலுவலகத்தில் யாருக்கும் தெரியாது. அவை அவள் கணவருடையவை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். இந்த வேலையில் இருக்கிறவர்கள் கண்ணாடி முன்னால் தாங்களே நடித்துப் பார்த்து வரைவார்கள், இல்லையென்றால் யாரையாவது நடிக்கவிட்டு வீடியோ எடுத்து வைத்துக்கொள்வார்கள். அவள் நடித்தால் குத்துக்கல்லுக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும். ஆகவே கணவர் வேலைவிட்டு வந்து கையில் இருக்கும் கிரீஸைக் கழுவியதும், மேசையை ஒதுக்கிவிட்டு அவரைக் கூடத்தில் நடக்கவிட்டுப் போனில் பிடிப்பாள். அவருக்கோ நடிக்கத் தேவையே இருக்கவில்லை. வீட்டில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே "பக்கத்துல வந்துட்டேன் சார், திருப்பத்துல நிக்கறேன்" என்று போனில் சொல்லுகிற ஆள். சொல்லும்போது காதைத் தேய்ப்பார். ஓய்வு நாளில் "சீட்டாடப் போறேன்" என்று கிளம்பிப் போவார். பின் தெருவில் ஒரு பழைய கட்டடம். மேல் மாடியில் நடக்க முடியாத ஒருவர். அந்த லிஃப்டைச் சும்மாவே சரிசெய்து கொடுத்துவிட்டு வருவார். சட்டைக் காலரில் கிரீஸ் இருக்கும். கேட்டால், சீட்டில் தோற்றுவிட்டேன் என்பார். கெட்டதை மூடி வைக்கிற ஆண்களைப் பற்றி அவள் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறாள். நல்லதை மூடி வைக்கிற ஆள் இவர் ஒருவர்தான்.

ஒரே ஒரு நிபந்தனை போட்டிருந்தார். "நான் நாலு கால்ல தவழ்ந்து காட்டறது வெளியே தெரிஞ்சா மானம் கப்பலேறிடும். எங்க அம்மாகிட்ட மட்டும் மூச்சு விட்டுடாதே. அவங்களுக்குச் சொன்னா ஊருக்கே மைக் போட்ட மாதிரி." சரி என்றாள். அவள் சரி என்றால் சரிதான். உள்ளே போனது வெளியே வராது.

போன வருஷக் கடைசியில் ஒருநாள், வேலைக்கு நடுவே டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்தவர் அப்படியே இருந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு அவள் போய்ச் சேர்ந்தபோது டாக்டர் வெளியே வந்தார். வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவருடைய இடது புருவம் கொஞ்சம் இறங்கியதை அவள் பார்த்தாள். முதலில் புருவம், அப்புறம் வாய் என்று மனம் குறித்துக்கொண்டது. வாய் என்ன சொன்னது என்பது அதற்கப்புறம்தான் காதில் விழுந்தது. அந்த நிமிஷத்தில் எல்லாம் மரத்துப்போனது. கால் மரத்துப்போனால்கூடக் கொஞ்ச நேரத்தில் குறுகுறுவென்று வலிக்கும். இது வலிக்கவும் இல்லை.

சாவு வீட்டில் மகளோடு வந்து இறங்கிய மாமியார் மகனைப் பார்த்து அழுதார். அவள் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் தோள் எழும்பியது. வலது கை தொடையில் ஒரு அடி அடித்து, எடுக்க மறந்ததுபோல் அங்கேயே நின்றது. பிறகு வாய் கோணியது. சத்தம் கடைசியில்தான் வந்தது. இத்தனையையும் அவள் கண் துண்டு துண்டாகப் பிரித்து வாங்கிக்கொண்டது. கண்ணைத் தூக்கிய மாமியார், சொட்டுத் தண்ணீர் இல்லாத மருமகள் கண் தன்மேலேயே நிற்பதைப் பார்த்துவிட்டார். அந்தப் பார்வையை அவர் மன்னிக்கவே இல்லை.

ரெண்டு பேரும் சேர்ந்து இருந்தால் ஒருத்தருக்கொருத்தர் ஆறுதல் என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, மகள் வீட்டில் இருந்த மாமியாரைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். ஆறுதலாவது ஒன்றாவது. ஒரே லாட்ஜில் தங்கிய இரண்டு பேர் மாதிரி இருந்தார்கள். அவள் நேரத்துக்கு எழுந்தாள், நேரத்துக்குச் சமைத்தாள், வேலைக்குப் போனாள், வந்தாள். எதையும் மறக்கவில்லை, எதையும் கீழே போட்டு உடைக்கவில்லை. மாமியாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. "புருஷன் போன வீட்டுல உப்புகூட ஒரு கல்லு கூடக்குறைய விழலை. எவ்வளவு அழுத்தக்காரி பாரு" என்று மகளிடம் போனில் சொன்னது அவள் காதுபடத்தான் நடந்தது. அவளுக்குக் கோபம் வரவில்லை. சரியாகத்தான் சொல்கிறார் என்று தோன்றியது. அழுகை வராததுபற்றிக்கூட அவளுக்குத் துக்கம் இல்லை. வரவில்லையே என்று லேசாக ஓர் ஆச்சரியம், அவ்வளவுதான்.

இதில் வேடிக்கை, மாமியாருக்கு உயிர் அரைவாலன். சாயங்காலம் தொடர் வருகிற நேரத்தில் யார் கூப்பிட்டாலும் எழுந்திருக்க மாட்டார். மருமகள் வரைகிற நரி என்று தெரியும். அதற்காக மருமகளுக்கு மதிப்பெண் கொடுத்துவிடவில்லை.

"கரடியை எனக்குப் பிடிக்காது. நல்லவன்னு நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டுத் திரியுது" என்பார் டிவியைப் பார்த்தபடியே. "இந்தத் திருட்டுப்பய இருக்கான் பாரு, இவனுக்கு மனசுல ஒண்ணு, வாயில ஒண்ணு. எல்லாருக்கும் வாயில நல்லதும் மனசுல கெட்டதும் இருக்கும். இவனுக்குத் தலைகீழ்."

"ம்."

"கெட்டவன்னு திட்டவும் முடியலை, நல்லவன்னு கொஞ்சவும் முடியலை. அப்படி இருந்தாத்தானே அடுத்து என்ன பண்ணுவான்னு உட்கார்ந்து பார்க்கத் தோணுது? வாயைத் திறந்து ஒண்ணு சொல்ல மாட்டான். ஆனா கையில இருக்கிறதை ஒரு பார்வை பார்ப்பான் இல்லே, அதுல எல்லாம் வந்துடும்." பிறகு மருமகள் பக்கம் திரும்பாமலே, "சில பேர் மூஞ்சியில விளக்கு வெச்சுத் தேடினாலும் ஒண்ணும் கிடைக்காது" என்று முடிப்பார்.

அவள் எழுந்து பாத்திரம் கழுவப் போவாள்.

பிறகு தொடரை நிறுத்துகிறார்கள் என்று செய்தி வந்தது. கடைசிக் கதை எழுதியாயிற்று. அரைவாலனை எப்போதும் நம்புகிற ஒரே ஜீவன் முள்ளம்பன்றி. அதனிடமிருந்து திருடிய விளக்கைத் திருப்பி வைக்க நரி போகிறது. வீடு காலி. முள்ளம்பன்றி ஊரைவிட்டே போய்விட்டது. நரி விளக்கோடு உட்கார்ந்து அழுகிறது.

"அவன் அழமாட்டான் சார்" என்றாள் அவள். அரைநொடியார் தலையைத் தூக்கினார். ஊமைக்கோட்டான் கதை விஷயத்தில் வாய் திறந்தது அதுவே முதல் தடவை.

"ஆறு வருஷமா எல்லாத்தையும் உள்ளேயே போட்டுப் பூட்டி வெச்சிருக்கான். இப்ப அழலைன்னா எப்பம்மா அழுவான்? பார்க்கிறவங்க இதுக்குத்தான் காத்திட்டிருக்காங்க" என்றார். தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று சட்டென்று குரலைத் தணித்துக்கொண்டார். "வேணும்னா வீட்டுல இருந்தே பண்ணுங்க. அவசரமில்லை."

வீட்டில் உட்கார்ந்தாள். கணவர் அழுது நடித்த வீடியோ கிடையாது. இருந்திருந்தாலும், அவருடைய வீடியோக்கள் இருந்த பழைய போனை அவள் அலமாரியில் போட்டுப் பூட்டியதிலிருந்து தொடவில்லை. தானே கண்ணாடி முன்னால் அழுது பார்த்தாள். யாரோ ஒருத்தி முகத்தைச் சுளித்துக்கொண்டு நின்றாள். வரைந்ததெல்லாம் உப்புச்சப்பில்லாமல் வந்தது. அப்போதுதான் அவளுக்கு ஞாபகம் வந்தது, ஒரு முழு அழுகை அவளிடம் ஏற்கெனவே இருக்கிறது. தோள், தொடையில் விழுந்து நின்ற கை, கோணிய வாய், கடைசியில் சத்தம். எல்லாம் பிரித்து வைத்தபடி தயாராக இருந்தது. எடுத்து நரிக்குப் போட்டாள். கை தடங்கலில்லாமல் ஓடியது. மனதில் ஓர் இலைகூட அசையவில்லை. அனுப்பியதற்கு அரைநொடியாரிடமிருந்து பதில் வந்தது: "ஒரு படத்தைக்கூடக் குறைக்க வேண்டாம்."

மாமியார் டீ கொண்டுவந்தபோது அந்தக் காட்சி கம்ப்யூட்டரில் திரும்பத் திரும்ப ஓடிக்கொண்டிருந்தது. டிவியில் வருவதற்கு முன்னாலேயே அரைவாலனைப் பார்க்கிற ஆசையில் அவர் நின்றார். ஒரு தடவை பார்த்தார். இரண்டாவது தடவை பார்க்கும்போது அவர் கை தானாகத் தன் தொடைக்குப் போய்விட்டுத் திரும்பியது. டீயை மேசையில் வைத்தார்.

"இது நான்."

அவள் ஓடிக்கொண்டிருந்த காட்சியை நிறுத்தினாள்.

"என் பிள்ளை செத்ததுக்கு நான் அழுததை உட்கார்ந்து வேடிக்கை பார்த்தே. பொறுத்துக்கிட்டேன். இப்ப அதை எடுத்து நரிக்கு மாட்டி விட்டிருக்கியா?"

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். காலில் விழுந்திருக்கலாம். சும்மாவாவது இருந்திருக்கலாம். அவள் சொன்னது இது: "நல்லா வந்திருக்கு அத்தை."

இதைவிட மோசமான பதில் ஒன்றைத் தேடினாலும் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளுடைய தொழிலில் ஒருவரைப் பார்த்துச் சொல்லக்கூடிய பெரிய மரியாதை அதுதான். மாமியார் உள்ளே போய் மகளுக்குப் போன் போட்டார். சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகும்படி சொன்னார்.

அவர் போய்விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. அந்த வீட்டில் கணவரை "அவன்" என்று சொல்ல ஆள் இருக்காது. சின்ன வயதில் அவன் இப்படி, அவனுக்கு அது பிடிக்காது என்று எரிச்சலோடாவது சொல்கிற ஒரே வாய் அந்த வாய். அது போனால் வீட்டில் அவரைப் பற்றி ஒரு வார்த்தை இருக்காது. அவளாகச் சொல்லப் போவதில்லை. வெளியூர் மழைச் செய்தி மாதிரி இதை அவள் அறிந்திருந்தாள். தடுக்க வேண்டும் என்று தோன்றியது. எப்படி என்று தோன்றவில்லை.

சனிக்கிழமை காலையில் மாமியார் பையில் துணிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அவள் கதவருகில் வந்து நின்றாள்.

"அந்தக் காட்சியை எடுத்துடறேன் அத்தை. சார்கிட்ட பேசறேன். அரைவாலன் அப்படி அழமாட்டான்."

"பாரு, இப்பவும் உனக்கு நரியைப் பத்தித்தான் கவலை." மாமியார் நிமிரவில்லை. "என்னைப் பார்த்து அவ்வளவு அச்சு அசலா வரைஞ்சியே. ஒண்ணு கேக்கறேன். அவனை எங்கேயாவது வரைஞ்சியா? அத்தனை வருஷம் கூட இருந்தானே, அவன் ஞாபகம்னு ஒரு கோடு கிழிச்சியா நீ?"

செத்தவருக்குக் கொடுத்த வார்த்தை உள்ளே ஒரு பக்கம் இழுத்தது. பிறகு முதல் தடவையாக அதை விட்டாள்.

"அரைவாலன் அவர்தான் அத்தை."

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். ஏதோ வாய்க்கு வந்தபடி சமாதானம் சொல்கிறாள் என்றுதான் நினைத்தார். அவள் அலமாரியைத் திறந்து பழைய போனை எடுத்து, சார்ஜ் ஏறும்வரை பக்கத்திலேயே காத்து நின்று, கொண்டுவந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

போன் திரையில், கூடத்தில் மகன் நாலு காலில் வந்தார். வாயில் ஒரு தலையணை. சுவரோரமாகப் பதுங்கி, தலையணையை அலமாரியடியில் வைக்கப் போய், மாட்டிக்கொண்டவர்போல் உறைந்து, அதை ஒரு பார்வை பார்த்து, காதைத் தேய்த்தார்.

"ஐயோ" என்றார் மாமியார். "இது என்கிட்ட பொய் சொல்லும்போது பண்றது. அஞ்சு வயசுல இருந்து பண்றது. இதை நான் தினம் டிவியில பார்த்திருக்கேன். எனக்கு உறைக்கவே இல்லையே."

நடித்து முடிந்த இடத்தில் அவள் வழக்கமாகப் பார்ப்பதை நிறுத்திவிடுவாள். வேலைக்கு வேண்டியது அதுவரைதான். கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்ளும் பிரதியில் மிச்சத்தை நறுக்கிப் போட்டுவிடுவாள். ஒரு வீடியோவைக்கூடக் கடைசிவரை ஓடவிட்டுப் பார்த்ததில்லை. அன்று போன் மாமியார் கையில் இருந்ததால் நிற்காமல் ஓடியது. நரி எழுந்து இரண்டு காலில் நின்றது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நேராக அவர்களைப் பார்த்து, "போதுமா?" என்று கேட்டது.

பின்னாலிருந்து அவளுடைய குரல்: "இன்னொரு தடவை."

"அடிப்பாவி" என்று சிரித்துவிட்டு அவர் திரும்பக் குனிந்தார்.

அவரை அவராக எடுத்த வீடியோ ஒன்றுகூட வீட்டில் இல்லை என்றுதான் அவள் நினைத்திருந்தாள். எல்லாவற்றிலும் கடைசியில் இருந்தார். மாமியார் ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். மூட்டையோடு தடுக்கி விழுந்து எழுந்து, "போதுமா?" இன்னொரு தடவை. இடிக்குப் பயந்து மேசைக்கடியில் புகுந்து தலையை இடித்துக்கொண்டு, "போதுமாம்மா? மண்டை வீங்கிடுச்சு." இன்னொரு தடவை. ஈரத் தலையோடு, கிரீஸ் கையோடு, ஒருநாள் வாயில் ரொட்டியோடு. ஒவ்வொரு தடவையும் அவளுடைய குரல் ஒரே மாதிரி, கொஞ்சமும் இரக்கமில்லாமல், இன்னொரு தடவை என்றது. மாமியார் ஒரு கட்டத்தில் சிரித்தேவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். "என் பிள்ளையை இந்தப் பாடா படுத்தியிருக்கே நீ?"

வாசலில் மணி அடித்தது. நாத்தனார் வந்துவிட்டாள். கதவைத் திறக்க மருமகள் எழுந்திருக்கப் போனாள்.

"நிக்கட்டும். இன்னும் ஒண்ணு இருக்கு" என்றார் மாமியார்.

கடைசி வீடியோ. அவர் கையில் ஒரு பெட்டி. வாசல்வரை போய், சத்தமில்லாமல் கீழே வைத்து, அதை ஒரு தடவை பார்த்துவிட்டு, திரும்பி நின்றார். ஒரே தடவையில் கச்சிதமாக வந்துவிட்டது.

"போதுமா?"

"போதும். போங்க, போய்ச் சாப்பிடுங்க."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவா? அவ்வளவுதானா?"

"போதும்னா போதும்."

அவர் படத்தைவிட்டு வெளியே போனார். கொஞ்ச நேரம் வெறும் வாசல் தெரிந்தது. பிறகு நின்றது.

மாமியார் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். மணி மறுபடி அடித்தது. அவர் திரும்பி அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டார். கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஏன்டி போதும்னு சொன்னே?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். நன்றாக வந்திருந்தது, அதனால்தான் என்று சொல்ல நினைத்தாள். வந்தது வேறு.

"கடைசின்னு தெரியாது அத்தை" என்றாள். "எனக்குத் தெரியாது அத்தை. தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பேனா? தெரியாம சொல்லிட்டேன் அத்தை." அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. மாமியார் அவள் தலையைப் பிடித்துத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார். அப்போதும் அவள் அதையேதான் சொல்லிச் சொல்லி அழுதாள்.